சுங்கை சிப்புட் வெயிலில் சோலார்: லேபிளை நம்பாமல் கரண்டு எடுப்பது எப்படி

சோலார் வைத்தவர்கள் என்னிடம் சொல்லும் முதல் குறை எப்போதும் ஒன்றுதான். "நானூறு வாட் பேனல்னு சொல்லி வித்தான். மீட்டர்ல முந்நூறுதான் காட்டுது. ஏமாத்திட்டான்." பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் 400 என்று போட்டிருந்தால், சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழும்போது, உள்ளே இருக்கும் செல்லின் சூடு 25 டிகிரியாக இருந்தால் வரும் கணக்கு அது. காற்றின் சூட்டைச் சொல்லவில்லை, செல்லின் சூடு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு பொருள் 25 டிகிரியில் இருப்பது விடியற்காலை ஐந்து மணிக்குத்தான். அப்போது சூரியன் இருக்காது.

நான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் வயர்மேனாக இருந்தவன். லயங்களை உடைத்து ஆட்களை டவுன் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளுக்கு மாற்றிய பிறகு, செம்பனைக்குள் தனியாக நின்றுவிட்ட கோயில்கள் இந்தப் பக்கம் நிறைய. மாட்டுக் கொட்டகை, டுரியான் தோட்டத்துக் காவல் குடிசை, மீன் குளம் என்று தெனாகா மின்வாரிய லைன் எட்டாத இடங்களும் உண்டு. அங்கெல்லாம் சோலார் போடுவதும், மற்றவர்கள் போட்டுவிட்டுப் போனதைச் சரிசெய்வதும்தான் இப்போது என் பிழைப்பு. அதில் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். பேனல் வாங்கும் முன் படித்தால் பணம் மிச்சம்.

சூடு எவ்வளவு தின்னும்

நல்ல வெயிலில், காற்றோட்டமான ஸ்டாண்டில் நிற்கும் பேனலின் செல், சுற்றியுள்ள காற்றைவிட சுமார் 30 டிகிரி கூடுதலாகச் சுடும். மதியம் காற்று 33 டிகிரி என்றால் செல் 63. தகரக் கூரையோடு ஒட்டிப் படுக்க வைத்திருந்தால் 70ஐத் தொடும். இப்போது கடைகளில் கிடைக்கும் சாதாரண மோனோ பேனல், 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் சக்தியை இழக்கும். 65 டிகிரி என்று வைத்தால் 40 டிகிரி அதிகம், 14 சதவீதம் போச்சு. 400 வாட் 344 ஆகிவிட்டது. அழுக்கு, வயர், பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு உச்சி வெயிலில் 300, 320 காட்டினால் உங்கள் பேனல் நன்றாகவே வேலை செய்கிறது.

இந்தச் சரிவு எல்லாப் பேனலுக்கும் ஒன்றாக இருக்காது. லேபிளிலோ அதோடு வரும் தாளிலோ "டெம்பரேச்சர் கோஎஃபிஷியன்ட்" என்று ஒரு வரி இருக்கும். பழைய பாலி பேனலில் அது மைனஸ் 0.4க்குப் பக்கத்தில் இருக்கும். டாப்கான் என்று விற்கும் புது ரகத்தில் 0.3க்குப் பக்கம். எச்ஜேடி இன்னும் குறைவு, 0.25 அளவில். நம்மைப் போன்ற சூட்டு ஊரில் இருப்பவன் வாட்டைவிட இந்த வரியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்காக ரொம்ப அதிக விலை கொடுத்து வாங்கவும் தேவையில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு சாதாரண பேனல் வாங்கிப் போட்டால் மழை நாளிலும் உதவும்.

ஒரு வேடிக்கை: மழை விட்டு, மேகம் விலகி, திடீரென்று வெயில் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். ஈரத்தில் குளிர்ந்த பேனல், மேகத்தின் ஓரத்திலிருந்தும் சேர்ந்து வரும் வெளிச்சம். 400 வாட் பேனல் கொஞ்ச நேரம் 400ஐத் தாண்டிக் காட்டும்.

வாட் குறைவதைவிட வோல்ட் குறைவதுதான் ஆபத்து

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சூட்டில் பேனலின் ஆம்பியர் பெரிதாக மாறாது. இறங்குவது வோல்ட். வாட் 14 சதவீதம் குறைந்தால் மீதி 86 கிடைக்கிறது, சரி. ஆனால் வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் பேட்டரிக்குள் எதுவுமே ஏறாது.

லிந்தாங் போகும் பாதையில் மாடு வளர்க்கும் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, காலையில நல்லா ஏறுது. வெயில் ஏற ஏற நின்னுபோகுது. பேனல் கெட்டுப்போச்சான்னு பாருங்கண்ணே." போய்ப் பார்த்தேன். 400 வாட் பேனல் ஒன்று, 24 வோல்ட் பேட்டரி, பேனலின் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் நல்ல எம்பிபிடி கண்ட்ரோலர். எதுவும் கெடவில்லை. அந்தப் பேனல் வேலை செய்யும் வோல்ட் லேபிளின்படி 31. மதியச் சூட்டில் அது 26, 27க்கு இறங்கிவிடும். 24 வோல்ட் பேட்டரியை முழுதாக ஏற்ற 28க்கு மேல் வேண்டும். எம்பிபிடி கண்ட்ரோலர்களில் பெரும்பாலானவை அதிக வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும், குறைந்த வோல்ட்டைக் கூட்டிக் கொடுக்காது. காலையில் பேனல் குளிர்ச்சி, பேட்டரியும் காலி, அதனால் ஏறியது. மதியம் பேனல் இறங்க, பேட்டரி ஏற, இரண்டும் ஒரே வோல்ட்டில் வந்து நின்றுவிட்டன. அதே பேனலில் இன்னொன்று வாங்கி, இரண்டையும் சீரிஸில், அதாவது ஒன்றின் பாசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு, கோத்தேன். சூட்டிலும் 52, 53 வோல்ட். பிரச்சினை அதோடு முடிந்தது.

12 வோல்ட் சின்னப் பேனல்களிலும் இதே கதைதான். 36 செல் உள்ள பேனலுக்கு 18 வோல்ட் என்று போட்டிருக்கும். சூட்டில் அது 15 ஆகும். பேனலிலிருந்து பேட்டரி 15 மீட்டர் தூரம், 4 சதுர மில்லிமீட்டர் வயர், 10 ஆம்பியர் ஓடுகிறது என்றால் போகவர 1.3 வோல்ட் வயரிலேயே தொலைந்துவிடும். கடைசியில் பேட்டரிக்கு வருவது 13.7. அந்த லெட் ஆசிட் பேட்டரிக்கு வேண்டியது 14.4. தினமும் அரைகுறையாக ஏறும் லெட் பேட்டரியின் தட்டில் சல்பேட் படிந்து, சீக்கிரமே செத்துப்போகும். எல்லோரும் பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவார்கள்.

ஆகவே பேனலை சீரிஸில் கோத்து வோல்ட்டை உயர்த்துங்கள், எம்பிபிடி கண்ட்ரோலர் வாங்குங்கள். மலிவான பிடபிள்யூஎம் கண்ட்ரோலரில் பெரிய பேனலைப் போடுவது வீண். 31 வோல்ட் பேனலை அது 12 வோல்ட் பேட்டரியோடு நேராக இணைத்துவிடும், பாதிக்கு மேல் சக்தி போய்விடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கண்ட்ரோலரின் உச்ச வோல்ட். 100 வோல்ட் கண்ட்ரோலர் என்றால், லோடு இல்லாதபோது 37 வோல்ட் வரும் பேனல் இரண்டு போடலாம், மொத்தம் 74. மூன்று போட்டால் 111. கண்ட்ரோலர் புகைந்துவிடும், வாரண்டியும் கிடைக்காது.

கூரையில் பொருத்துவது

தகரத்துக்கும் பேனலுக்கும் நடுவில் குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். 15 இருந்தால் இன்னும் நல்லது. கீழ் ஓரமும் மேல் ஓரமும் திறந்திருக்க வேண்டும்; கீழே நுழையும் காற்று சூடாகி மேலே வெளியேற வழி இருந்தால்தான் முதுகு ஆறும். மைனா கூடு கட்டுகிறது என்று சிலர் சுற்றிலும் தகரம் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அதற்குப் பெரிய கண் வைத்த கம்பி வலை போதும். ஸ்க்ரூவை தகரத்தின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் மழைத் தண்ணீர் அதன் வழியே வீட்டுக்குள் வரும். ரப்பர் வாஷர் இல்லாத ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

பழைய தோட்டத்து வீடு என்றால் ஏறும் முன் உள்ளே போய் கூரைக் கட்டையைத் தட்டிப் பாருங்கள். கரையான் தின்ற கட்டை மேல் இருபது கிலோ பேனலைக் கட்டி, நாலு மணிப் புயல் காற்றுக்கு விட்டுவிடாதீர்கள். கூரை அஸ்பெஸ்டாஸ் என்றால் துளையே போடக்கூடாது, ஏறி நடக்கவும் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. அப்படிப்பட்ட இடங்களில் நான் தரையில் இரும்புக் கால் நட்டுத்தான் போடுகிறேன். தரையில் இருந்தால் காற்றும் நன்றாகக் கிடைக்கும், துடைக்கவும் சுலபம். மாடு உரசாமல் வேலி மட்டும் வேண்டும்.

திசை விஷயத்தில் தமிழ்நாட்டு வீடியோ பார்த்துவிட்டு "தெற்கே பார்க்கத்தானே வைக்கணும்?" என்று கேட்பார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து டிகிரிகூட இல்லை. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். 10 டிகிரிச் சரிவில் வைத்தால் எந்தத் திசை பார்த்தாலும் வருடக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. அப்படியிருக்க, எனக்கு இஷ்டம் இருந்தால் கிழக்கே பார்க்க வைப்பேன். காலையில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், பேனலும் குளிர்ச்சி. மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் மேற்கே பார்த்து என்ன பயன்? இன்னொன்று, நம் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. அதனால் பேனலைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரு மணிக்குமேல் மீட்டரை எடுங்கள்.

சரிவை 10 டிகிரிக்குக் கீழே குறைக்காதீர்கள். தட்டையாகக் கிடக்கும் பேனலில் மழைத் தண்ணீர் கீழ்ச் சட்டத்தோரம் தேங்கி, அங்கே ஒரு கறுப்புக் கோடாக அழுக்கு படியும், பிறகு பாசி பிடிக்கும். கீழ் வரிசைச் செல்கள் அத்தனையையும் அந்த ஒரு விரல் அகலக் கோடு மறைத்துவிடும்.

நிழலும் அப்படித்தான். ஒரு செம்பனை மட்டையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தால் அந்த மூலை மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள். சாதாரண பேனலில் செல்கள் மூன்று கூட்டமாகக் கோத்திருக்கும். ஒரு செல் மறைந்தால் அதன் கூட்டம் முழுதும் படுத்துவிடும், மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஆஸ்ட்ரோ டிவி தட்டு, கொடிமரம், பக்கத்து மரம் எல்லாவற்றின் நிழலையும் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

எத்தனை பேனல்?

நம் ஊரில் ஒரு நாளில் கிடைக்கும் முழு வெயில், சராசரியாக நாலரை மணி நேரத்துக்குச் சமம். சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் நவம்பர் மழையில் இருட்டில் உட்கார வேண்டும். நான் மூன்றரை மணி என்று வைக்கிறேன். அதிலும் சூடு, வயர், பேட்டரி எல்லாம் போக 65 சதவீதம்தான் கைக்கு வரும்.

செம்பனைக்குள் ஒரு முனியாண்டி கோயிலுக்குப் போட்ட கணக்கைச் சொல்கிறேன். 10 வாட் விளக்கு நான்கு, ஆறு மணி நேரம்: 240. 50 வாட் மின்விசிறி இரண்டு, ஐந்து மணி நேரம்: 500. பாட்டுப் போட ஆம்ப்ளிஃபையர் இரண்டு மணி நேரம்: 120. கைப்பேசி சார்ஜ், சில்லறை: 40. மொத்தம் 900 வாட் ஹவர். மூன்றரையை 0.65ஆல் பெருக்கினால் சுமார் 2.3. 900ஐ அதால் வகுத்தால் 395 வாட். ஒரு பேனல் போதும் என்று தோன்றும்.

ஆனால் இன்வெர்ட்டரைக் கணக்கில் சேர்க்கவில்லை. எதுவும் ஓடாமல் சும்மா ஆனில் இருந்தாலே பல இன்வெர்ட்டர்கள் 15 வாட் குடிக்கும், பெரியவை இன்னும் அதிகம். 24 மணி நேரத்துக்கு 360 வாட் ஹவர். இரண்டு மின்விசிறி ஓடும் கணக்கில் முக்கால் பங்குக்கு அருகில், யாருக்கும் பயனில்லாமல். அதையும் சேர்த்தால் 1260, பேனல் 550 வாட்டுக்கு மேல் வேண்டும். எனவே இரவு விளக்குகளை இன்வெர்ட்டர் இல்லாமல் நேராக டிசியில் ஓடும்படி போட்டுவிட்டு, இன்வெர்ட்டருக்குத் தனி சுவிட்ச் வைத்தேன். "பூசை முடிஞ்சா இதையும் அணைச்சிடுங்க தலைவரே" என்று கமிட்டித் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். மறப்பார் என்று தெரியும், அதனால் பேனலும் இரண்டாகவே போட்டேன்.

பேட்டரி இரண்டு நாள் தாங்க வேண்டும்: 1800 வாட் ஹவர். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம், 24 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் போதும். லெட் ஆசிட் என்றால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, 150 வேண்டும். காடி பேட்டரி, லோரி பேட்டரி வேண்டாம். அவை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஒரு இழுப்புக்குச் செய்தவை, தினமும் ஆழமாக இறக்கினால் தாங்காது.

புகைமூட்டம் வரும் வருடங்களை நினைவில் வையுங்கள். 2015இலும் 2019இலும் இந்தோனேசியக் காட்டுத்தீப் புகை வந்தபோது சூரியன் சிவப்புப் பொட்டாகத்தான் தெரிந்தது. அப்படிப்பட்ட வாரங்களில் எவ்வளவு பேனல் இருந்தாலும் மின்விசிறியைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேட்டரிக்கு நிழல்

பேனலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பேட்டரியைக் கொண்டுபோய் சீலிங் இல்லாத தகரக் கொட்டகையில், மேற்குச் சுவரோரம் வைக்கிறார்கள். மதியம் அங்கே 40 டிகிரி. லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள், 25க்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆறு வருடம் உழைக்க வேண்டியது இரண்டில் முடிந்துவிடும்.

பேட்டரியைத் தரையோடு, சிமெண்ட் மேல் ஒரு பலகை போட்டு, வெயில் படாத சுவரோரம் வையுங்கள். மேலே சீலிங் இல்லையென்றால் தகரத்துக்குக் கீழே ஒரு பிளைவுட் தட்டாவது கட்டுங்கள். லெட் ஆசிட் என்றால் மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், அது வெளியே போக வேண்டும். தண்ணீர் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள். ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்.

சூட்டில் லெட் பேட்டரிக்குச் சார்ஜ் வோல்ட்டைக் குறைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்கு 0.024 வோல்ட் அளவில். 38 டிகிரியில் 14.4 என்பது 14.1 ஆக வேண்டும். நல்ல கண்ட்ரோலர் இதைத் தானே செய்யும், ஆனால் அதன் சென்சார் வயர் பேட்டரி மேல் ஒட்டியிருக்க வேண்டும். பல இடங்களில் அந்தச் சென்சார் பிரிக்காத பிளாஸ்டிக் பையில் கண்ட்ரோலருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். லித்தியத்துக்கு இது நேர்மாறு: இந்தத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும், லெட் பேட்டரிக்காக அவ்வப்போது வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் ஈக்வலைஸ் என்ற அமைப்பையும் சேர்த்து. 45 டிகிரிக்கு மேல் லித்தியத்தை ஏற்றுவது நல்லதில்லை. உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு போர்டு பெரும்பாலும் தானே வெட்டிவிடும். மதியம் திடீரென்று சார்ஜ் நின்றால் பேட்டரிப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள்.

கண்ட்ரோலரும் இன்வெர்ட்டரும் சூட்டில் தாமாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். செங்குத்தாக மாட்டி, மேலும் கீழும் ஒரு சாண் இடம் விடுங்கள்.

எறும்பு, பல்லி, இடி

எந்த ஓட்டையையும் அடைத்து வையுங்கள். இன்வெர்ட்டரின் கதகதப்புக்குப் பல்லி வந்து, போர்டில் இரண்டு இணைப்புக் கம்பிகளுக்கு நடுவில் படுத்து, தானும் கருகி அதையும் கெடுக்கும். காற்று போகும் இடத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் வலை, வயர் நுழையும் இடத்தில் அதைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்ட். எறும்பு எப்படியும் வரும், மாதம் ஒருமுறை திறந்து தட்டிவிட வேண்டும்.

பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒரு பிராண்டின் ஆணை இன்னொரு பிராண்டின் பெண்ணோடு சேர்க்காதீர்கள். உள்ளே தொடுவது சரியாக அமையாமல் சூடேறி உருகிவிடும். அவற்றைக் கூரையில் படுக்க விடாமல் சட்டத்தோடு கட்டித் தூக்கி வையுங்கள், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் கிடக்கக் கூடாது. வயர் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பிரேக்கர் டிசிக்கானதாக இருக்க வேண்டும். வீட்டு ஏசி பிரேக்கரை டிசியில் போட்டால், வெட்டும்போது வரும் நெருப்புப் பொறி அணையாமல் நின்று எரியும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இதில் காசு மிச்சம் பிடிப்பவர்களுக்கு நான் வேலை செய்வதில்லை.

உலகத்திலேயே இடி மின்னல் மிக அதிகமுள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. டிசி பக்கம் திடீர் மின் அதிர்ச்சியைத் தரைக்குத் திருப்பிவிடும் எஸ்பிடி ஒன்று, பேனல் சட்டத்திலிருந்து தரையில் அடித்த செம்புக் கம்பிக்கு எர்த். நேராக விழும் இடியை எதுவும் தடுக்காது. பக்கத்தில் எங்கோ விழுந்து வயர் வழியே வரும் அதிர்ச்சியை இவை தாங்கும்.

துடைப்பது, சோதிப்பது

மழை முக்கால்வாசி அழுக்கைக் கழுவிவிடும். செம்பனை ஆலைக்குக் காற்றுத் திசையில் இருப்பவர்களுக்கு மட்டும் அது போதாது. ஆலைக் கொதிகலனில் செம்பனை நாரையும் கொட்டை ஓட்டையும் எரிப்பதால் வரும் கரித்தூள் லேசான எண்ணெய்ப்பசையோடு ஒட்டிக்கொள்ளும். காலை ஏழரைக்குள், கண்ணாடி குளிர்ச்சியாக இருக்கும்போது, வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும். மதியச் சூட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். சோப்புத் தூள், இரும்பு நார் இரண்டும் கூடாது.

ஒரு டிசி கிளாம்ப் மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெளிவான நாளில், ஒரு மணிக்கு மேல், பேட்டரி முழுதாகாத நேரத்தில் பேனலின் ஆம்பியரையும் வோல்ட்டையும் எடுத்து, தேதியோடு கண்ட்ரோலர் பக்கத்துச் சுவரிலேயே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் எடுங்கள். ஆம்பியர் குறைந்திருந்தால் அழுக்கு அல்லது நிழல். வோல்ட் குறைந்திருந்தால் கனெக்டர், வயர், அல்லது ஒரு கூட்டம் செல்கள் படுத்திருக்கும். பேட்டரி நிறைந்த பிறகு அளந்துவிட்டு "கரண்டே வரலை" என்று என்னைக் கூப்பிடுபவர்கள் உண்டு. பேட்டரி நிறைந்தால் கண்ட்ரோலர் தானே குறைத்துக்கொள்ளும். மின்விசிறிகளை ஓடவிட்டுவிட்டு அளந்து பாருங்கள்.

வீட்டில் தெனாகா கரண்டும் இருந்து, சோலாரும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: இன்வெர்ட்டர் வயரை வீட்டுப் பிளக் பாயிண்டில் சொருகி முழு வீட்டுக்கும் கரண்டு கொடுக்கும் வேலை வேண்டாம். லைன் கட் ஆகி, கம்பத்தில் ஆள் ஏறி வேலை செய்யும்போது உங்கள் கரண்டு அவர் கைக்குப் போகும். சோலாருக்குத் தனி வயர், தனி விளக்கு. இரண்டையும் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்சை லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துப் போடுங்கள்.